தயிர்ச் சட்டிக்குள் நுழையாத வெளிச்சம்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது. அந்தப் பெருமையில் பாதி எருமைக்கு, மீதி சட்டிக்கு. சுட்ட மண் முழுக்க நுண்துளைகள். தயிரில் உள்ள தண்ணீரை அவை மெல்ல மெல்லக் குடித்துவிட, தயிர் இறுகிப்போகிறது.

சட்டி உடைந்தால் ஓட்டுத் துண்டொன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு பொட்டு வெளிச்சமும் வராது. இனி, விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் தேநீர்க் கோப்பையை எடுங்கள். கைபேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்து, இடையில் விரலை நுழைத்தால், மறுபக்கம் விரலின் நிழல் ஆடும். பீங்கானில் ஓவியம் தீட்ட மெல்லிய பரப்புத் தேடி மட்டக்களப்புக் கடைகளில் ஏறி இறங்குபவருக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. நிழல் தெரியாவிட்டால், அநேகமாக அது வெள்ளைப் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண மண்பாண்டம்; அல்லது அளவுக்கு மீறித் தடித்தது.

இரண்டும் மண்தான். ஒன்றுக்குள் மட்டும் வெளிச்சம் எப்படிப் புகுகிறது? வடை சுற்றிய கடதாசியில் விடை இருக்கிறது. எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் மறுபக்கம் மங்கலாகத் தெரியும், கவனித்திருப்பீர்கள். கடதாசி நார்களுக்கிடையே இருப்பது காற்று. நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் தாவுகிற ஒவ்வொரு முறையும் ஒளி சிதறுகிறது. எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பியதும் சிதறல் குறைகிறது, ஏனெனில் ஒளியை வளைப்பதில் நாருக்கும் எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசமில்லை.

பீங்கானில் எண்ணெயின் வேலையைச் செய்வது பெல்ஸ்பார் என்னும் கனிமம். கயோலின் எனப்படும் வெண்களி ஏறக்குறைய பாதி, பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் தலா கால்பங்கு என்பது பழைய கலவைக் கணக்கு. சூளை 1,300 பாகை செல்சியஸை நெருங்கும்போது பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது. கயோலினிலிருந்து முல்லைட் என்ற ஊசிப் படிகங்கள் முளைத்து உள்ளே எலும்புக்கூடாக நிற்கின்றன. சட்டியைச் சிவப்பாக்கும் இரும்பு வெண்களியில் மிகக் குறைவு என்பதால் ஒளியை விழுங்கவும் ஆளில்லை. போர்சலின் எனப்படும் நல்ல பீங்கான் தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. அதில் உறைய வைத்த தயிருக்குச் சட்டித் தயிரின் இறுக்கம் வராதது அதனால்தான்.

போர்சலின் என்ற பெயர் சோகியிலிருந்து வந்தது. சீனத்துப் பாண்டத்தில் சோகியின் வழுவழுப்பைக் கண்ட இத்தாலியர், சோகிக்குத் தாங்கள் வைத்திருந்த ‘போர்செல்லானா’ என்ற பெயரையே அதற்கும் சூட்டினார்கள். நம்முடைய ‘பீங்கான்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். கடல் வணிகம் சரக்கோடு சொல்லையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

மெல்லியதாக வார்ப்பதில் பெரிய கஷ்டமில்லை. களிக்குழம்பை ஜிப்சம் அச்சில் ஊற்றுவார்கள். தயிர்ச் சட்டியைப் போலவே அச்சும் தண்ணீரை உறிஞ்ச, சுவரோரமாகக் களி படியும். சில நிமிடங்களில் மிச்சக் குழம்பைக் கொட்டிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொட்டுகிறோமோ அவ்வளவு மெல்லிசு.

ஆபத்து சூளைக்குள் இருக்கிறது. உச்ச வெப்பத்தில் பாண்டம் பாதி இளகிய நிலையில் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். கிண்ணத்தின் வளைவு தன்னைத் தாங்கிக்கொள்ளும்; தட்டையான தகடோ தொய்யும், முறுகும். சீனாவின் ஜிங்டெஜென் கைவினைஞர்கள் யொங்லெ பேரரசர் காலத்திலேயே (1403–1424) முட்டை ஓடு போன்ற கிண்ணங்களைச் செய்தார்கள். ‘உடலற்றது’ என்று அவற்றுக்குப் பெயர். ஆக, மெல்லிய தட்டைப் பரப்புக் கேட்கிற ஓவியர், சூளை ஆகக் கடைசியாகக் கொடுக்கச் சம்மதிக்கும் பொருளைக் கேட்கிறார். சாப்பாட்டுப் பீங்கானைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு வளையம் இருக்கும். பெரிய பீங்கானின் நடு தொய்யாமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு.

இந்த நூற்றாண்டில்தான் மெல்லிய தட்டைப் பரப்புக்கு வழி பிறந்தது. களித்தூளைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி, உருளைகள்மேல் நகர்த்திச் சுட்டு, 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஆளுயரத்தை மிஞ்சும் பலகைகளை இத்தாலிய ஆலைகள் செய்யத் தொடங்கின. சுவருக்கும் தரைக்குமான சரக்கு அது. ஓவியர் கேட்டால் கிடைப்பது வெட்டிய மிச்சம்தான். வாங்கும்போது முதுகைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் கண்ணாடி இழை வலையைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூளையில் அந்தப் பசை புகைந்து எரியும்.

எனக்கென்னவோ முதல் ஓவியத்துக்கு உள்ளூர் வெள்ளைப் பீங்கானே போதும் என்று படுகிறது. பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கயோலின், மாத்தளைப் பக்கம் ஓவலவில் பெல்ஸ்பார் என்று மண்ணே நம்மிடம் இருக்கிறது. மாத்தளையில் ஜப்பானின் நொரிடாக்கே 1970களிலிருந்து பாண்டம் செய்கிறது.

பூச்சுக்கு மேல் தீட்டும் வர்ணம் என்பது உலோகமோ உலோக ஒக்சைட்டோ கலந்த கண்ணாடித் தூள். கோபால்ட் நீலம் தரும், இரும்பு செம்மை தரும், பொன் இளஞ்சிவப்புத் தரும். 800 பாகை அளவில் அது உருக, அடியிலுள்ள பளபளப்புப் பூச்சும் சற்றே இளகி அதைப் பிடித்துக்கொள்கிறது. 1,300 பாகை வரை கண்டு வந்த உடம்பு இந்தச் சூட்டுக்கு அசையாது. மெல்லிசாக இருந்தாலும் தொய்யாது. ஆனால் விரிசல் இருந்தால் பிளந்துவிடலாம். அதனால் காசு கொடுக்கும் முன் கோப்பையை விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் ஒரு தட்டு. முழுப் பீங்கான் மணிபோல் நீள ஒலிக்கும். கீறல் விழுந்தது ‘டொக்’ என்று நின்றுவிடும்.