கோம்பர் கழிவும் கள்ள நோட்டும்

இந்திய ரூபாய் நோட்டு அச்சாகும் தாள் மரக்கூழில் ஆனதல்ல, பருத்தியில் ஆனது. நூற்பாலைகளில் நயமான நூலுக்காகப் பஞ்சைச் சீவும்போது நீளம் குறைந்த இழைகள் தனியே உதிரும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் அதற்குக் கோம்பர் கழிவு என்று பெயர். ஓப்பன் எண்ட் ஆலைகள் அதை வாங்கித் தடித்த நூல் நூற்கின்றன. அதே கழிவை வெளுத்துக் கூழாக்கித்தான் கரன்சித் தாளும் செய்யப்படுகிறது. மத்தியப் பிரதேசத்தின் நர்மதாபுரத்தில், அதாவது பழைய ஹோஷங்காபாத்தில், 1968 முதல் இதற்கென ஓர் ஆலை இயங்குகிறது. மைசூருவில் இன்னொன்று பின்னாளில் வந்தது. பஞ்சோடு பழகிய கொங்கு நாட்டுக்குக் கள்ள நோட்டைப் பற்றிய முதல் பாடம் புதிதல்ல: படத்தைப் பார்க்குமுன் பஞ்சைப் பார்க்க வேண்டும்.

பருத்தித் தாளுக்கு விறைப்பு உண்டு, சுண்டினால் ஓசை உண்டு. ஆயினும் பல கை மாறித் துவண்ட பழைய நோட்டில் இந்த இரண்டும் போய்விடும். எஞ்சி நிற்கும் நம்பகமான சாட்சி புற ஊதா விளக்கு. கடையில் விற்கும் வெள்ளைத் தாளில் பளபளப்புக்காக ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால், அந்த விளக்கின் கீழ் தாள் முழுவதும் நீல வெண்மையாக ஒளிரும். நோட்டுத் தாள் மங்கலாகவே கிடக்கும். அதில் வேண்டுமென்றே வைத்த இழைகளும் எண்களும் மட்டுமே ஒளிவிடும். இத்தகைய ஒளிர்வூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே காகித ஆலைகளில் பரவின. ஆகவே 1938ஆம் ஆண்டு நோட்டு என்று சொல்லி விற்கப்படும் தாள் விளக்கடியில் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகிக்கலாம், உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சலவைத்தூளிலும் இதே ஒளிர்வூட்டி இருக்கிறது. சட்டைப்பையோடு துவைக்கப்பட்ட நல்ல நோட்டும் நீலமாக ஒளிரும். கடைகளில் பயன்படும் அயோடின் பேனாவுக்கும் இதே குறை உண்டு. சாதாரணத் தாளில் உள்ள மாவுப்பொருளோடு அயோடின் சேர்ந்தால் கோடு கருக்கும், பருத்தித் தாளில் கருக்காது என்பதே அதன் தத்துவம். கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்பில் ஊறிய நோட்டுக்கு அந்தப் பேனா பொய்ச்சாட்சி சொல்லிவிடும். பழைய நோட்டைப் புதிதுபோலக் காட்டுவதற்காகச் சலவை செய்து இஸ்திரி போட்டு விற்பவர்களும் உண்டு. அங்கே நோட்டு அசல்தான், பளபளப்பு மட்டுமே போலி. அதையும் புற ஊதா விளக்கு காட்டிக்கொடுக்கும்.

தாளின் கதைக்கு உலகப் போரிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் யூதக் கைதிகளைக் கொண்டு நாஜிகள் பிரிட்டிஷ் பவுண்டு நோட்டுகளைப் போலியாக அச்சிட்டார்கள். லினன் துணியில் செய்த அவர்களுடைய தாள், புற ஊதாக் கதிரில் அசலிலிருந்து வேறுபட்டது. அசல் தாள் உடுத்திக் கிழிந்த பழந்துணியில் ஆனது, இவர்களுடையது புதுத் துணியில் ஆனது. பிறகு அந்தத் துணியைத் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் துடைக்கக் கொடுத்து, திரும்ப வாங்கித் துவைத்துப் பயன்படுத்தினார்கள் என்கின்றன அக்காலப் பதிவுகள். கோவைப் பட்டறைகளில் கை துடைக்கக் கிடக்கும் பனியன் வேஸ்ட்டின் வேலைதான் அது.

தாளுக்கு அடுத்தது அச்சு. உயர் மதிப்பு நோட்டுகளில் முக்கியமான பகுதிகள் இன்டாக்லியோ முறையில் அச்சாகின்றன. செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மை நிரப்பி, மிகுந்த அழுத்தத்தில் தாளை அதன்மேல் ஒற்றுவதால் மை மேடாக நிற்கும். விரல் நுனியில் சொரசொரப்புத் தட்டும். கள்ள நோட்டு பெரும்பாலும் ஆஃப்செட்டிலோ கணினிப் பிரிண்டரிலோ பிறக்கிறது. துணியில் இழை எண்ணத் திருப்பூரில் கையோடு வைத்திருக்கும் சிறு லென்ஸே இதைக் கண்டறியப் போதும். அசலில் கோடுகள் அறாத கோடுகளாகத் தெரியும். பிரிண்டர் நகலில் அவை வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். நீர்க்குறியும் அப்படித்தான். தாள் ஈரக்கூழாக இருக்கும்போதே தடிமனைக் கூட்டிக் குறைத்து உருவாக்குவது அது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் துலங்கும். மேசைமீது கிடக்கும்போதே தெளிவாகத் தெரியும் நீர்க்குறி, மேலே அச்சிட்டதாகவே இருக்கும்.

பழைய நோட்டுக்கு வரலாறும் ஒரு சோதனைக் கருவி. ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கியது, அதன் முதல் நோட்டுகள் 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்தன. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் 1937இலேயே விலகிவிட்டதால் எந்த நோட்டிலும் அவர் கையெழுத்து இல்லை. முதலில் கையெழுத்திட்டவர் இரண்டாம் ஆளுநர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்மித் கையெழுத்திட்ட அபூர்வ நோட்டு என்று ஒன்று விலைக்கு வந்தால் லென்ஸே தேவையில்லை. ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் நிதிச் செயலரின் கையெழுத்துத்தான் இருக்கும். 1987இல் வந்த 500 ரூபாய் நோட்டில் காந்தி படம் இருந்தாலும் நீர்க்குறி அசோகர் தூண். அதைக் கண்டு போலி என்று ஒதுக்கினால் நட்டம் ஒதுக்கியவருக்கே. வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் உள்ள நோட்டுகளும், அச்சில் பழுதானவற்றுக்கு மாற்றாக வந்த செல்லுபடியாகும் நோட்டுகளே என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கியது.

சேகரிப்போர் சந்தையில் முழு நோட்டையும் போலியாக அச்சிடுவதைவிட, நல்ல நோட்டில் எண்ணை மட்டும் திருத்துவது எளிது. 786 என்று முடியும் எண், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண், எண்ணே அச்சாகாத 'பிழை நோட்டு' இவற்றுக்கெல்லாம் விலை ஏறுவதால், எண்ணைச் சுரண்டி அழிப்பதும் மேலே அச்சிடுவதும் நடக்கின்றன. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், சுரண்டிய இடத்தில் தாளின் இழைகள் கலைந்து நிற்பது தெரியும்.

காசைச் சோதிக்கும் பழக்கம் கொங்கு மண்ணுக்குப் பழையது. கோவையை ஒட்டி நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842இல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்கு முந்தைய நல்ல காசுகளையே இங்கிருந்த வணிகர்கள் விரும்பியதால்தான் புதையல்களில் அவை மிகுதியாக உள்ளன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உருவங்கள் வேறுவேறாக இருந்தும் ரோமானியக் காசுகள் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை மன்னன் வியந்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். அன்றும் முகத்தைவிட எடைக்கே மதிப்பு. இன்று நிலத்தை உழும்போது அப்படி ஒரு பானை கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நோட்டு அசலாகவே இருந்தும் பணம் பறிபோகும் வழிகள்தான் இன்று அதிகம். டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய்த் தாளுக்குப் பல லட்சம் தருவதாகக் கைப்பேசியில் விளம்பரம் வரும். தொடர்புகொண்டால் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று தவணை தவணையாகப் பணம் கேட்பார்கள். இந்த வகை வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணம் வசூலிக்க எவருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிவித்தது. வாங்க வருபவர் விற்பவரிடமே பணம் கேட்கும் வழக்கம் பொள்ளாச்சிச் சந்தையிலும் கிடையாது, ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் கிடையாது.

இன்னொன்று கறுப்புத் தாள் வித்தை. கறுப்பாக்கிய தாள் ஒன்றை மருந்துநீரில் அலசினால் டாலராக மாறும். மேலே பூசியது அயோடின், மருந்துநீர் என்பது வைட்டமின் சி மாத்திரைக் கரைசல். அயோடினை அது நிறமற்ற அயோடைடாக மாற்றிவிட, அடியிலுள்ள உண்மையான நோட்டு தெரிகிறது. காட்டும் ஒரு தாள் மட்டும் நோட்டு, விற்கும் கட்டு முழுக்க வெறும் கறுப்புத் தாள். ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறோம் என்னும் இரட்டிப்பு ஆசாமிகளின் கட்டிலும் மேலும் கீழும் மட்டுமே நோட்டு இருக்கும்.

2016 நவம்பரில் செல்லாதாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் இழப்போடு வழக்கும் சேர்ந்து வரும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் மட்டும் 25 வரை அனுமதி. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

கள்ள நோட்டு கைக்கு வந்துவிட்டால் அதை வேறொருவரிடம் தள்ளுவது பாரதிய நியாயச் சட்டத்தின்படி குற்றம். வங்கியில் கொடுத்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள், பணம் திரும்ப வராது. ஒரே நேரத்தில் நான்கு வரை இருந்தால் வங்கி மாத இறுதியில் காவல்துறைக்கு மொத்தமாக அறிக்கை அனுப்பும், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். இணையவழி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்த் தாள் இன்றும் செல்லும். பெட்டிக்கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குப் பொருள் வாங்கலாம்.