வாசலில் ஒரு கார் – 9: கீறலை யாரும் எடுப்பதில்லை

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் மாட்டுத்தோலில் முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட வடு எல்லாம் இருக்கும். மேல்பரப்பு சுத்தமான தோல் அப்படியே நல்ல விலைக்குப் போகும். மற்றதைப் பஃபிங் மெஷினுக்கு அனுப்புவார்கள். அங்கே சுழலும் உப்புத்தாள் உருளை தழும்பை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள நல்ல தோலைத் தேய்த்துத் தழும்பின் மட்டத்துக்கு இறக்குகிறது. பிறகு நிறம் பூசி, சூடான தகட்டால் அழுத்திப் பொய்யான கிரெயின் வரிகளை அச்சிடுகிறார்கள். கார் கீறலை ‘எடுப்பதும்’ இதே வேலைதான். தோலுக்காவது தேய்த்தபின் புதுப் பூச்சு கிடைக்கிறது. வீட்டில் தேய்த்த காருக்கு அதுவும் இல்லை.

காரின் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் இந்தக் கடைசி அடுக்கு சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூட இராது. புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுவே. வேலூர் வெயிலில் நிற்கிற வண்டிக்கு அதைக் கரைப்பது லேசான விஷயமல்ல. ஆகவே, புதிதாகக் கையை வைப்பவருக்கு முதல் கருவி விரல் நகம். கீறலின் குறுக்கே நகம் தட்டாமல் வழுக்கினால் தேய்க்கலாம். மாட்டினால் தேய்க்கக் கூடாது. தகடே தெரிந்தால் துரு ஏறும் முன் அதே நிறத்து டச்-அப் பெயின்டை மெல்லியதாக வைத்துவிட வேண்டும். தேய்ப்பதென்றால் வண்டியைக் கழுவி, நிழலில் பானட் ஆறிய பிறகு, இருப்பதிலேயே மிருதுவான பாலிஷில் தொடங்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து முறை தேய்த்து, துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பாதி மறைந்தாலே நிறுத்திக்கொள்வது என் கட்சி. கதவு விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் முன்னதாகவே டேப் ஒட்டிவிடுவது நல்லது.

டூத்பேஸ்ட்டிலேயே போகிறதே என்பார்கள். போகும், அதிலும் அராவும் துகள்தான் இருக்கிறது, ஆனால் பெயின்டுக்காக அளந்து செய்த துகள் அல்ல. வாக்ஸ் போட்டால் மறைகிறது, நாலு முறை கழுவினால் திரும்பி வருகிறது, அது ஏமாற்று என்றும் சொல்வார்கள். இருக்கட்டுமே. எதையும் சுரண்டாத ஏமாற்று அது; ரப்பிங் காம்பவுண்டைவிடப் புதியவருக்கு அதுவே மேல். அப்படியானால் கீறலோடு ஓட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டால், ஆமாம், மெல்லிய கீறல்களில் பாதியோடு ஓட்டலாம். அவை வருகிற வழியை அடைப்பதே மிச்சம். மணல் தூசி படிந்த காரை உலர்ந்த மஞ்சள் துணியால் காலையில் தட்டித் துடைப்பதுதான் வளையம் வளையமான கோடுகளுக்குப் பெரிய காரணம். மணலின் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். பாலாற்றங்கரையில் அந்தத் தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு: தோல் கழிவால் இங்கே நிலத்தடி நீர் கெட்ட கதை 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உப்பேறிய போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். அதற்கும் காம்பவுண்டைத் தேட வேண்டாம். ஈரம் காயும் முன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் புள்ளியே விழாது.