கோடையும் கட்டுச்சோறும்

நண்பர்கள் கூடி ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ போய், கொண்டுபோன சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டு, பொழுது சாயும்வரை இருந்துவிட்டுத் திரும்புவது தமிழ்நாட்டில் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் நடக்கிறது. வெயில் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே எதைக் கட்டிக்கொண்டு போவது, எப்போது போவது என்ற இரண்டையும் வெயிலே தீர்மானிக்கிறது.

அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. வெறும் சாதமும் சாம்பாரும் கோடைப் பயணத்துக்கு ஒத்துவராததன் காரணம் இதுதான்.

புளியோதரை அந்த வகையில் கெட்டிக்காரத்தனமான சமையல். நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை புளிக்காய்ச்சலைச் சுண்டவைக்கும்போது நீர் பெரும்பாலும் வற்றி, புளியின் டார்டாரிக் அமிலம் செறிந்து நிற்கிறது. அந்தப் புளிப்பில் பாக்டீரியாக்கள் எளிதில் பெருகுவதில்லை. உதிரியாக வடித்த சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் வேர்த்துச் சொட்டும். அந்த ஈரத்தில் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும். பக்குவமாகச் செய்ததையும் காலையில் கிளறி மதியத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது.

தயிர்சாதத்துக்குப் பக்குவம் வேறு. குழைந்த சாதத்தில் காய்ச்சிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஆறியதும் ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டால், இலை போடும் நேரத்துக்குப் பால் உறைந்து, புளிக்காத தயிர்சாதமாகிவிடும். தொட்டுக்கொள்ள மாவடு, மோர்மிளகாய், வற்றல். இட்லி என்றால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கலாம். தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

இத்தனையையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவருக்கு அன்றைய பொழுதில் மகிழ்ச்சி மிஞ்சாது. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று பிரித்துக்கொண்டால் வேலையும் குறையும், நாலு வீட்டுக் கைமணமும் ஒரே இலையில் சேரும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர் வரும் காலத்தையும் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் டெல்டாவில் காவிரி பல இடங்களில் மணல்வெளியாகவே கிடக்கும். திருச்சிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் தண்ணீர் குறைந்த நாளிலும் பூங்காவின் மரநிழல் உண்டு. கோபிசெட்டிபாளையம் அருகே பவானி ஆற்றிலுள்ள கொடிவேரி அணையில் தண்ணீர் விழும்போது குளியலும், கரையில் சுடச்சுட மீன் வறுவலும் கிடைக்கும்.

வறண்ட ஆறு ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய நீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் ஆளை விழுங்கும் ஆழம் இருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் இறங்காத இடத்தில் இறங்கவே கூடாது. அணை திறப்பு அறிவிப்பையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நண்பகலைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு ஏற்ற ஏற்பாட்டை முன்னோர் செய்து வைத்திருக்கிறார்கள். சித்ரா பௌர்ணமியன்று கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போய் நிலவொளியில் உண்பது பல ஊர்களில் பழைய வழக்கம். முழுநிலா சூரியன் மறையும் வேளையை ஒட்டி எழுவதால், வெயில் தணியத் தணிய வெளிச்சமும் வந்துவிடுகிறது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பிசைந்து உருட்டி ஆளுக்கொரு கவளம் கையில் வைக்கும் நிலாச்சோற்றுக்கு மற்ற மாதங்களின் பௌர்ணமியும் பொருந்தும்.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டி எடுத்தால் மடிக்கும்போது கிழியாது. சாதத்தைப் பொட்டலமாகக் கட்டவும், பிரித்து அதிலேயே சாப்பிடவும் உதவும். குடிநீருக்குப் பானையோ எவர்சில்வர் கூஜாவோ போதும். மிச்சம் மீதியைக் குரங்குகளுக்கு வீசாமல், இலைகளோடு ஒரு சாக்கில் கட்டி ஊருக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.