சிறுநீர் சிவந்தால் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்!

"வைத்தியரய்யா... எம்.ஜி.ஆர். போன மாதிரி இவரையும் அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோகணுமாமே! மேல இருக்கிற ஏலத்தோட்டத்தை வித்துரவா?"

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலை நேரம், போடியில் என் வைத்தியசாலை பெஞ்சில் உட்கார்ந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. கையில் ஸ்கேன் கவர். பக்கத்தில் கணவர். ஐம்பத்தெட்டு வயசு. விடியுமுன்னே ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கக் கொண்டுபோய் விடுகிறவர். அவருடைய இடது கிட்னியில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். 'வெளிநாடு போனாத்தான் பிழைப்பாரு' என்று சொந்தக்காரர் ஒருவர் கொளுத்திப் போட்டிருக்கிறார்.

இருப்பது முக்கால் ஏக்கர் தோட்டம். கல்யாணத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள். விற்றால் அதோடு சரி.

அவர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அதற்கு முன் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் செய்த தப்பு

அன்றைக்கு நாலு மாசம் முன்பே அவர் என்னிடம் வந்திருந்தார். "நேத்து ஒருவாட்டி ஒண்ணுக்கு டீத்தண்ணி மாதிரி செவப்பாப் போச்சுங்கய்யா. வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார்.

நாள் முழுக்க ஜீப் இன்ஜின் சூட்டில் உட்காருகிற ஆள். தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. 'சூடுதான்' என்று முடிவு கட்டி, நெருஞ்சிலும் சிறுபீளையும் சேர்ந்த குடிநீர் கொடுத்தேன். இரண்டு நாளில் நீர் தெளிந்துவிட்டது. மருந்து கேட்டுவிட்டது என்று அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

உண்மையில் மருந்து கேட்கவில்லை. கிட்னிப் புற்றுநோயில் ரத்தம் அப்படித்தான். ஒருநாள் வரும், தானாக நிற்கும், வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி எட்டிப் பார்க்கும். நின்றுபோவதுதான் அதன் சூழ்ச்சியே. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இத்தனை வருஷம் நாடி பார்த்தவன் நான். எனக்கே அன்று ஸ்கேனுக்கு அனுப்பத் தோன்றவில்லையே!

எம்.ஜி.ஆருக்கு வந்தது என்ன?

நம் பக்கத்து ஜனங்களுக்குக் கிட்னி என்றாலே எம்.ஜி.ஆர். ஞாபகம்தான். ஏன் வராது? நம் ஆண்டிப்பட்டித் தொகுதியில் அவர் ஜெயித்தபோது அமெரிக்க ஆஸ்பத்திரியில் அல்லவா படுத்திருந்தார்!

1984 அக்டோபரில் சென்னை அப்போலோவில் சேர்த்தார்கள். நவம்பரில் நியூயார்க், புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். டிசம்பரில் மாற்றுக் கிட்னி பொருத்தினார்கள். கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி, மறுபடி முதலமைச்சரானார்.

ஆனால் அது புற்றுநோய் இல்லை. அவருக்குக் கிட்னி செயலிழந்துவிட்டது. செயலிழந்தால் மாற்ற வேண்டும், அல்லது டயாலிஸிஸ் செய்ய வேண்டும். புற்றுநோய் வேறு சங்கதி. பெரும்பாலும் ஒரு கிட்னியில்தான் வரும். கட்டியை எடுத்தபின் மற்றது நன்றாக இருந்தால் போதும்; பெரும்பாலானவர்களுக்கு மாற்றுக் கிட்னி தேவைப்படாது. ஒற்றைக் கிட்னியோடு மனிதன் வாழலாம் என்று 1869-லேயே ஜெர்மனியில் குஸ்டாவ் சைமன் என்ற சர்ஜன் ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் செய்து நிரூபித்துவிட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலா எலும்பின் அடியில், கைமுஷ்டி அளவில் இருப்பவை கிட்னிகள். ஆழத்தில் இருப்பதால் கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் வெளியே தெரியாது. ரத்தம், விலாப்புறத்தில் வலி, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது பத்தில் ஒருவருக்குத்தான். வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத் தெரிகிறவையே அதிகம்.

காரணமில்லாமல் எடை குறைவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம். பீடி சிகரெட், அதிக உடல் பருமன், கட்டுப்படாத ரத்த அழுத்தம் மூன்றும் இந்த நோய்க்கு வாசல் திறந்து விடுகின்றன. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய் மாத்திரை சாப்பிட்டாலும் நீர் சிவக்கும். கல், கிருமித் தொற்று இருந்தாலும் ரத்தம் வரும். எனவே பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் நாற்பது வயசுக்கு மேல், வலியே இல்லாமல், ஒரே ஒரு தடவை ரத்தம் போனாலும் சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அவசியம். சந்தேகம் என்றால் சி.டி. ஸ்கேன். இந்த இரண்டு ஸ்கேனையும் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆபரேஷன்தான் முதல் மருந்து

கிட்னிப் புற்றுநோய்க்குச் சாதாரண கீமோதெரபி அவ்வளவாகப் பிடிபடாது. கட்டி கிட்னிக்குள்ளேயே இருந்தால் கத்திதான் முதல் வைத்தியம். நாலு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து, மீதிக் கிட்னியைக் காப்பாற்றிவிடலாம். பெரிதாக இருந்தால் முழுக் கிட்னியையும் எடுப்பார்கள். சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையும் உண்டு.

அமெரிக்கக் கணக்குப்படி, கட்டி கிட்னியைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், பத்தில் ஒன்பது பேருக்குமேல் ஐந்து வருஷத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரல், எலும்பு என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால் பத்தில் இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. கணக்கைக் கவனித்தீர்களா? இரண்டுமே அமெரிக்காவில்தான்! உயிரைக் காப்பாற்றுவது தேசம் அல்ல, நேரம்.

அப்படியானால் வெளிநாடு?

இந்தியாவில் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே கிட்னி மாற்று ஆபரேஷன் செய்தார்கள். புற்றுநோய்க்கென்றே அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் மருத்துவமனை வந்துவிட்டது. இன்று வங்கதேசத்திலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஜனங்கள் வைத்தியத்துக்கென்று சென்னைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாம்தான் வெளிநாடு! நமக்கோ மதுரை பக்கத்தில். 2023 ஜூன் முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயிலும் ஓடுகிறது.

பரவிய நோய்க்கும் மாத்திரைகள் உண்டு. அதில் ஒன்று சோராஃபெனிப். ஒரு மாசத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் நம் காப்புரிமை அலுவலகம், அதே மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது. நாட்டிலேயே இதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு வந்த இம்யூனோதெரபி ஊசிகளும் இங்கே கிடைக்கின்றன, விலைதான் அதிகம்.

வசதி இருந்து, வெளிநாடு போயே தீருவேன் என்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே இல்லாத எந்த சிகிச்சை அங்கே இருக்கிறது? தங்கும் செலவு உட்பட மொத்தம் எவ்வளவு? திரும்பி வந்தபின் வருஷக்கணக்கில் ஸ்கேன் பார்த்துத் தொடர்ந்து கவனிக்கப் போகிற டாக்டர் யார்? புறப்படுமுன் சி.டி. ஸ்கேனையும் பயாப்ஸி எடுத்திருந்தால் அதன் ஸ்லைடையும் அனுப்பி அபிப்பிராயம் கேளுங்கள். பல பேருக்கு அதுவே போதும்.

சித்த மருத்துவனாக ஒரு வார்த்தை

கிட்னியில் உள்ள புற்றுநோய்க் கட்டியைக் குடிநீரால் கரைக்கிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும்! ஆபரேஷன் முடிந்து ஒற்றைக் கிட்னியோடு இருப்பவர்கள் பற்பம், செந்தூரம், கடையில் வாங்கும் வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொன்று. ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் கிட்னியைக் கெடுக்கும்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது. அதில் இந்த இனச் செடி கலந்திருந்ததுதான் காரணம். பச்சிலைதானே என்று உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

அந்த ஜீப்காரர்?

"தோட்டத்தை விக்க வேண்டாம்மா. நாளைக்கே மதுரைக்குக் கிளம்புங்க. காப்பீட்டு அட்டையை மறக்காம எடுத்துக்கங்க" என்றேன். கூடவே, நாலு மாசத்துக்கு முன் நான் செய்த தப்பையும் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கணவர்தான், "விடுங்கய்யா, நானும் நின்னுபோச்சேன்னு இருந்துட்டேன்ல" என்றார்.

பத்தாவது நாள் மதுரையில் இடது கிட்னியை எடுத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. கட்டி கிட்னியை விட்டு வெளியே போகவில்லை. என் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை, அவருடைய அதிர்ஷ்டம்.

இப்போது ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன். பீடியை விட்டாச்சு. ஜீப்பை மருமகன் ஓட்டுகிறார். ஸ்கேனுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், முடிவு வரும்வரை அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் தூக்கம் வருவதில்லை.

இப்போதெல்லாம் என்னிடம் யாராவது 'ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு' என்று வந்தால், குடிநீர்ப் பொட்டலத்தை நான் தொடுவதே இல்லை. முதலில் ஸ்கேனுக்குத்தான் சீட்டு எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வைத்தியரிடம் முதலில் அதையே கேளுங்கள்.