தடித்த எஃகும் சிறு பிளாஸ்மாவும்

மாங்காட்டிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வரை வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கடன்பட்டுச் சிறு பிளாஸ்மா இயந்திரம் வாங்குவோர் அதன் எல்லையை முன்னரே அறிதல் நன்று. கேஸ் கட்டிங்கில் இரும்பு ஆக்சிஜனோடு கூடி எரிகிறது. எவர்சில்வர் அவ்வாறு எரியாது. பிளாஸ்மாவிலோ, அழுத்தக் காற்று மின்வில்லால் ஏறத்தாழ 20,000 டிகிரி வெப்பமுற்று, எவ்வுலோகத்தையும் உருக்கி ஊதித் தள்ளுகிறது. ஆதலின் மின்னோட்டமே அதன் வலிமை. 40 ஆம்பியர் இயந்திரம் 10 மில்லிமீட்டர் தகட்டைச் செம்மையாக அறுக்கும். 20 மில்லிமீட்டர் தகட்டின் நடுவே துளையிட முயன்றால், உருகிய எஃகு மேலெழுந்து நாசிலைக் கெடுத்துவிடும். விளிம்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பொறி அடியில் விழாது மேலே தெறித்தால், கை மிக விரைகிறது என்பது பொருள். காற்றில் ஈரம் கலந்தால் (நம் ஐப்பசி மழையில் கலவாதிருக்குமா?) நாசில் விரைவில் தேயும். 25 மில்லிமீட்டர் சாதாரண இரும்புக்கோ பழைய கேஸே மேல்.