வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் ஒரு குளவி

1812 மே மாதம். ஸ்பெயினின் வலென்சியா நகரம் பிரெஞ்சுப் படையின் கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. படையோடு வந்திருந்த 32 வயது மருத்துவர் ஒருவர், தம் படுக்கையறை மேசைமேல் கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்திருந்தார். வாயைக் காகிதத்தால் மூடி, அதில் சின்னக் கதவு போல ஒரு திறப்பு. உள்ளே தாட்டியான ஓர் ஆண் தரந்துலா சிலந்தி. அது கடித்தால் விடாமல் ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று இத்தாலியில் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த அதே வகையறா. சில நாளில் சிலந்திக்குச் சிறைவாசம் பழகிவிட்டது. மருத்துவர் உயிருள்ள ஈயை விரலில் பிடித்து நீட்டினால், வந்து வாங்கித் தின்னும். தின்று முடித்ததும் முன்னங்கால்களால் வாயைத் துடைத்துக்கொள்ளும்.

அந்த மருத்துவர்தான் லியோன் டுஃபூர். 1780-ல் பிரான்ஸின் தென்மேற்கே, லாந்த் பகுதியிலுள்ள சேன்-செவெர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிஸில் மருத்துவம் படித்தார், ஸ்பெயின் போரில் படை மருத்துவராக அலைந்தார், 1814-க்குப் பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார். 1865-ல் 85 வயதில் கண்மூடியதும் அங்கேதான். பாரிஸில் இருந்திருந்தால் பெரிய பதவிகள் வந்திருக்கும் என்று யாராவது அங்கலாய்த்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறவர் கண்ணில் படுகிற பூச்சி, அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுமா?

1839 ஜூலையில் நாட்டுப்புறத்தில் குடியிருந்த நண்பர் ஒருவர் அவருக்கு இரண்டு வண்டுகளை அனுப்பினார். குளவி ஒன்று தூக்கிக்கொண்டு பறக்கும்போது அவர் கோட்டின்மேல் நழுவவிட்டது ஒன்று. சற்று நேரத்தில் இன்னொரு குளவி தரையில் போட்டது மற்றொன்று. நாம் சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்போமே, அந்தப் பொன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டுஃபூரின் சேகரிப்பில் அதுவரை இல்லாத இனம்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே வீட்டிலிருந்து வைத்தியத்துக்கு அழைப்பு வந்தது. நோயாளியைப் பார்த்த கையோடு வண்டுப் பேச்சு எடுத்திருக்கிறார். வானம் மூடிக் குளிர்ந்திருந்தது. குளவி பறக்கிற நாளில்லை அது. ஆனாலும் இருவரும் தோட்டத்துப் பாதைகளில் குனிந்து தேடினார்கள். குளவி கண்ணில் படவில்லை; புதிதாகத் தள்ளிய மணல் குவியல்கள் பட்டன. மண்வெட்டியால் தோண்டினால் முதலில் பளபளவென்று ஓர் இறக்கை மூடி. பிறகு முழு வண்டுகள், பச்சையும் பொன்னுமாக. பிற்பாடு வேறு இடங்களிலும் தோண்டிப் பார்த்தார். எந்தக் கூட்டிலும் பொன்வண்டுக் குடும்பத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வண்டுகளின் அளவும் நிறமும் வடிவமும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. அவையெல்லாம் ஒரே குடும்பம் என்று வகைப்படுத்த மனிதனுக்குப் படிப்பு வேண்டும். குளவி படிக்காமலே பிழையில்லாமல் பொறுக்கியிருந்தது.

டுஃபூருக்கு இதைவிடப் பெரிய புதிர் அந்த வண்டுகளின் பதம். கோடையில் அவர் கொன்று வைக்கிற வண்டு ஓரிரு நாளில் காய்ந்து சருகாகிவிடும், கத்தி வைக்க முடியாது. குளவிக் கூட்டில் கிடந்தவையோ அசையவே இல்லை. ஆனால் மூட்டுகள் மடங்கின, குடல்கூடக் கெடாமல் இருந்தது. ஆகவே குளவி கொட்டும்போது உடலைக் கெடாமல் காக்கும் ஏதோ திரவத்தைச் செலுத்துகிறது என்று முடிவுகட்டினார். பிணத்தை அறுத்துப் பழகியவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. எதிரே கிடப்பது பிணம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

இதைப் பற்றி டுஃபூர் எழுதிய கட்டுரை பல ஆண்டு கழித்து, அவிஞோன் நகரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைக்குப் போனது. ஒரு குளிர்கால இரவில் அடுப்பருகே உட்கார்ந்து படித்தவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் ழான் ஆன்றி ஃபாபர்; பின்னாளில் பூச்சிகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதிப் பெயர்பெற்றவர். தம்மைப் பூச்சியின் பக்கம் திருப்பியது அந்த இரவுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஃபாபர் எடுத்துக்கொண்டது கூன்வண்டு பிடிக்கும் இன்னொரு குளவி. அதனிடமிருந்து பறித்த வண்டுகளை வைத்துக் கவனித்தார். செத்ததாகத் தோன்றியவை நாள் கணக்கில் எச்சம் போட்டன. மின்சாரம் பாய்ச்சினால் கால் அசைந்தது. உயிர் இருந்தது, உடல் முடங்கியிருந்தது. குளவி குறிவைத்தது மார்புப் பகுதி நரம்பு முடிச்சுகளை. பொன்வண்டுக்கும் கூன்வண்டுக்கும் இவை நெருங்கி ஒட்டியிருப்பதால் ஒரே குத்தில் காரியம் முடிந்துவிடும். பேனா முள்ளால் அதே இடத்தில் ஒரு துளி அமோனியா வைத்துத் தாமே குளவியாகவும் நடித்துப் பார்த்தார் ஃபாபர். வண்டு உடனே முடங்கியது. குளவி முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு வேண்டியது கெடாத இறைச்சி. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்ன கதைக்குப் பின்னாலும் இதே சமையலறைதான் இருக்கிறது.

ஃபாபரின் கட்டுரை 1855-ல் வந்தது. 75 வயது டுஃபூரின் கணிப்பைத்தான் அது பொய்யாக்கியது. அவரோ முகம் சுளிக்காமல், மனம் திறந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை மூத்த பேராசிரியர்கள் இப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

ஒரு தவறைச் சொல்லி அவரைக் குறுக்கக் கூடாது. பூச்சிகள், சிலந்திகளைப் பற்றி மட்டும் இருநூறுக்கு மேல் கட்டுரைகள். பாசிக்காளான்களிலும் பிரனேய மலைத் தாவரங்களிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. பூச்சிகளின் குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளுக்கு 1828-ல் கிரெகாரினா என்று பெயரிட்டவரும் அவரே. அவை மலேரியா கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் கிருமியே பிடிபட்டது 1880-ல். பிடித்த லாவெரானும் ஒரு பிரெஞ்சுப் படை மருத்துவர்.

பெண் எறும்பு, தேனீ, குளவிகளின் கொடுக்கை ஒட்டி, விஷப் பைக்குப் பக்கத்தில் ஒரு சிறு சுரப்பி உண்டு. 1841-ல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில் டுஃபூர் அதை விவரித்தார். அது என்ன வேலை செய்கிறது என்பது துலங்க நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்க எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சன், நெருப்பெறும்பின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நசுக்கிக் கண்ணாடித் தட்டில் கோடு இழுத்துப் பார்த்தார். குடலுக்கும் விஷப் பைக்கும் எறும்புகள் அசையவில்லை. இந்தச் சுரப்பியால் இழுத்த கோட்டுக்கு மட்டும் கூட்டைவிட்டுத் திமுதிமுவென்று ஓடிவந்து, கோடு முடிந்த இடத்தில் திகைத்துச் சுற்றின. 1959-ல் முடிவு வெளியானது. சில தனித்தேனீக்கள் இதே சுரப்பியின் கசிவால்தான் தங்கள் மண் அறைகளுக்கு ஈரம் புகாதபடி பூச்சு பூசுகின்றன. எறும்பையும் தேனீயையும் ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதை டுஃபூர் சுரப்பி என்றே அழைக்கிறார்கள்.