கிருத்திகைக்கு எத்தனை கூடைப் பூ?

திருத்தணி சுப்பிரமணிய சுவாமி கோயிலின் ஆடிக் கிருத்திகை மலர்க் காவடிகளால் பெயர்பெற்ற விழா. அசுவினி, பரணி, கிருத்திகை என நாளுக்கு நாள் பெருகும் கூட்டம் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் எல்லைக்கு அப்பால் சித்தூர், திருப்பதிப் பக்கங்களிலிருந்தும் 365 படிகளை நோக்கித் திரளும்போது, காவடிக்கும் அலங்காரத்துக்கும் வேண்டிய சாமந்தி, சம்பங்கி, அரளி, மல்லி அனைத்தையும் சுற்றுப்புற வயல்கள் மட்டுமே தந்துவிட இயலாது. ஓசூர், நிலக்கோட்டை போன்ற மலர் விளையும் பகுதிகளையும் கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகளையும் தொட்டு ஓடும் இத்தகைய வழியையே மேலாண்மை நூல்கள் விநியோகச் சங்கிலி என்று குறிப்பிடுகின்றன. எவ்வளவு, எப்போது, யாரிடமிருந்து, எந்த வழியாக என்பவற்றை முடிவு செய்வதே அச்சங்கிலியின் மேலாளருடைய பணி. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கார் ஆலைகளில் இப்பணிக்குப் பதவியும் சம்பளமும் உண்டு. பூ மண்டியில் இதையே செய்பவருக்கு வியாபாரி என்பதற்கு மேல் பட்டம் எதுவும் இல்லை.

இப்பணியின் மிக விந்தையான பகுதி, ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தாக வேண்டிய பொருளை எவ்வளவு வாங்குவது என்ற கேள்வியாகும். மறுநாள் மதிப்பிழந்துவிடும் செய்தித்தாளை எத்தனை பிரதி எடுத்துவைப்பது என்று தவிக்கும் கடைக்காரரை முன்னிறுத்தி, கணிதவியலார் இதனைச் செய்தித்தாள் விற்பவர் சிக்கல் என்பர். வங்கி எவ்வளவு ரொக்கத்தைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற வடிவில் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலாளர் 1888-இலேயே இதைத் தொட்டார். கென்னத் ஆரோவும் அவருடைய இரு துணையாசிரியர்களும் 1951-இல் சரக்கிருப்புக் கோட்பாடாக இதனை விரித்தனர்.

எடுத்துக்காட்டாக, கிலோ 100 ரூபாய்க்கு வாங்கிய சாமந்தி 150 ரூபாய்க்கு விற்பதாகவும், மிஞ்சியது குப்பைக்கே போவதாகவும் கொள்ளலாம். ஒரு கிலோ குறைந்தால் கைநழுவும் லாபம் 50 ரூபாய், ஒரு கிலோ மிஞ்சினால் ஏற்படும் இழப்பு 100 ரூபாய். முன்னதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மூன்றில் ஒன்று என்ற பின்னம் கிடைக்கிறது. தேவை முழுவதும் நிறைவேறும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்ற அளவோடு கொள்முதலை நிறுத்திக்கொள்வதே நெடுநோக்கில் கூடுதல் லாபம் தரும் என்பது அதன் பொருள். அதாவது மூன்று விழாக்களில் இரண்டில் கூடை முன்னதாகவே காலியாகிவிடுவதுதான் அடிவாரக் கடைக்காரருக்கு நல்ல கணக்கு. கடைசி நேரத்தில் பூ கிடைக்காமல் முணுமுணுக்கும் பக்தர் அவரைத் திறமையற்றவர் என்று நினைப்பது நியாயமன்று.

ஆனால் அதே பூவுக்கு, அதே நாளில், வேறொருவர் போடும் கணக்கு வேறு விடை தரும். சுவாமி அலங்காரத்துக்கு மாலை குறைவதைக் கோயில் எந்நிலையிலும் ஏற்காது என்பதால் அங்கே பின்னம் ஒன்றை நெருங்குகிறது. மிஞ்சுவதைப் பற்றிய கவலையே எழுவதில்லை. விற்றுக் கொடுத்துக் கமிஷன் பெறும் மண்டியிலோ விற்காத பூவின் இழப்பு பெரும்பாலும் விளைவித்தவரையே சேர்கிறது; ஆகவே வரத்து தேவையை மிஞ்சிப் போவதை அஞ்ச மண்டிக்கு அவ்வளவாகக் காரணமில்லை. சூத்திரம் மாறவில்லை, இழப்பைச் சுமக்கும் தோள் மட்டுமே மாறியிருக்கிறது. கணினிவழிக் கொள்முதல் பெருகும் இக்காலத்தில் கவனிக்கப்படாமல் போவது இதுவே: முந்திய இரவில் ஆர்டரைக் கூட்டவும் குறைக்கவும் வாங்குபவரின் மென்பொருளுக்கு உரிமை கொடுத்துவிட்டு, பறித்த பூவோடு நிற்கும் விவசாயிக்கு ஈடு எதுவும் எழுதாத ஏற்பாட்டைத் திறமை என்று பாராட்டுவது, ஒருவர் நட்டத்தை இன்னொருவர் ஏட்டுக்கு மாற்றியதைச் சிக்கனம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இனித் தானியக்கம், அதாவது மனிதத் தலையீடின்றி மென்பொருளோ இயந்திரமோ தானே முடிவெடுத்துச் செயல்படும் முறை. பின்னத்தைக் கணக்கிடுவதும், இருப்பு குறைந்ததும் ஆர்டர் அனுப்புவதும், லாரி எங்கே வருகிறது என்று பார்ப்பதும் ஏற்கெனவே இயந்திரத்தின் வேலைகளாகிவிட்டன. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் 2013-இல் 702 தொழில்களை ஆராய்ந்து, கணினிமயமாகும் வாய்ப்பை ஆர்டர் எழுத்தர்களுக்கு 98 விழுக்காடு என்றும், போக்குவரத்து, சேமிப்பு, விநியோக மேலாளர்களுக்கு 59 விழுக்காடு என்றும், சரக்கு நகர்வைத் திட்டமிடும் வல்லுநர்களுக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் மதிப்பிட்டனர். ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பவர்களின் எதிர்காலம் இவ்வளவு வேறுபடுகிறது. ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் 2018-இல் வெளிவந்த ஒரு கட்டுரையோ விநியோகச் சங்கிலி மேலாண்மைத் துறையே ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் தேவையற்றதாகிவிடக்கூடும் என்று ஆரூடம் கூறியது. இரண்டே ஆண்டுகளில் பெருந்தொற்று வந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கும் பூ, பழ வணிகம் மாதவரத்துக்கும் இடம்பெயர்ந்தன. அந்த இடமாற்றத்தைக் குறுகிய காலத்தில் நடத்திக்காட்டியவர்கள் மனிதர்களே.

கற்றுக்கொள்ளும் மென்பொருள் பழைய விற்பனைப் பதிவுகளிலிருந்தே தேவையை ஊகிக்கிறது. ஆனால் விற்றதும் தேவைப்பட்டதும் ஒன்றல்ல. பகல் பதினொரு மணிக்கே கூடை காலியாகிவிட்ட கடையின் பில் இயந்திரத்தில், அதன்பின் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களின் கணக்கு ஏறுவதில்லை; தணிக்கையுற்ற தேவை என்று புள்ளியியலார் குறிக்கும் இந்தக் குறையைக் கடையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் காண்கிறார், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. பக்தர்கள் அனுமதிக்கப்படாத 2020-ஆம் ஆண்டு ஆடிப் பதிவை அப்படியே விட்டுவைத்தால் திருத்தணியில் பூவின் மவுசு சரிந்ததாக மென்பொருள் முடிவு கட்டும். அந்த ஆண்டை ஒதுக்கிவைக்கச் சொல்வதற்கு நடந்தது இன்னதென்று அறிந்த ஒருவர் வேண்டும். மேலாண்மைக் கல்லூரிகள் அமெரிக்கப் பேரங்காடிகளின் கதைகளைப் பாடமாக வைப்பதோடு நில்லாமல் நம்மூர் மண்டிகளின் இத்தகைய அறிவையும் பதிவு செய்திருக்கலாம்.

நாட்காட்டியும் இங்கே எளிதன்று. ஆடிக் கிருத்திகை 2023-இல் ஆகஸ்ட் 9, 2024-இல் ஜூலை 29 என்று நகர்வதால், சென்ற ஆண்டின் அதே வாரத்தைப் பார்த்து ஆர்டர் போடும் மென்பொருள் தவறாமல் ஏமாறும். பஞ்சாங்கத்தை அதில் ஏற்றிவிட்டால் இந்தக் குறை தீரும், ஆனால் முழுவதும் அன்று: கிருத்திகை நட்சத்திரம் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது, ஆடிக்கோ 31 அல்லது 32 நாட்கள், எனவே சில ஆண்டுகளில் அம்மாதத்தில் இரண்டு கிருத்திகைகள் அமைந்துவிடுகின்றன. 2025-இல் ஜூலை 20, ஆகஸ்ட் 16 என்று அவ்வாறே நேர்ந்தது. இரண்டில் காவடிக் கூட்டம் எதற்குத் திரளும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்வதில்லை, கோயிலின் அறிவிப்புதான் சொல்லும். சாமந்தியோ நாற்று நட்டு மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின்னரே பூப்பறிப்புக்கு வருவதால், அந்தக் கேள்வியை விவசாயியோ மண்டிக்காரரோ பங்குனியிலேயே கோயில் அலுவலகத்தில் கேட்டாக வேண்டியிருக்கிறது.